கூத்தப்பெருமாள் கோயில் பாயசம்

வரலாற்றுப் பேராசிரியர் கோமளவல்லி, பழைய ஜமீன்தார் ஒருவர் காய்ச்சலில்தான் செத்தார் என்று ஆதாரத்துக்கு மேல் ஆதாரமாக அடுக்கி ஒரு ஆய்வு நூல் எழுதினார். ஒரு ஈ காக்கைகூடப் படிக்கவில்லை. கடுப்பில் ஒரு மர்ம நாவல் எழுதினார். அதில் கூத்தப்பெருமாள் என்ற சமையற்காரன் அதே ஜமீன்தாரைப் பாயசத்தில் விஷம் வைத்துக் கொன்றான். ஊரே படித்தது. அடுத்த மாதமே கூத்தப்பெருமாளின் வாரிசுகள் வீடு தேடி வந்துவிட்டார்கள்.

பேராசிரியர் பதறிப்போனார். "ஐயா, அப்படி ஒருத்தர் இல்லவே இல்லை. நானா கற்பனை பண்ணினது."

"ரொம்ப அடக்கமா பேசாதீங்கம்மா," என்றார் வந்தவர்களில் மூத்தவர். "கொடுங்கோலனை ஒழிச்ச எங்க முப்பாட்டனை நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க. கோயிலே கட்டிட்டோம். கும்பாபிஷேகத்துக்கு வந்துடுங்க."

போனார். மாலை போட்டார்கள். சாமியின் கையில் கரண்டி இருந்தது. பூசாரி முதல் தொன்னையை அவரிடம்தான் நீட்டினார். முந்திரி மிதக்கும் பாயசம்.

அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை என்பது அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இருந்தும் வாய்வரை போன தொன்னை அப்படியே நின்றது. "பெரியவங்க நீங்க முதல்ல சாப்பிடுங்க," என்று மூத்தவரிடம் நீட்டினார்.

அவர் சட்டென்று ஓரடி பின்வாங்கினார். "ஐயையோ, எங்க ஆளுங்க யாரும் தொடமாட்டோம்மா. நாங்கதான் உங்க புஸ்தகத்தைப் படிச்சிருக்கோமே!"