இருபது பட்டன்

"பட்டனை எடுத்து முன்னாடி இருக்கிற கிண்ணத்துல போடுங்கம்மா. இதுல என்ன கஷ்டம்?"

தலையில் அடிபட்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து தெய்வானையம்மாவுக்குப் பேச்சு இல்லை. சோர்ந்துபோன வலது கைக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு பட்டனை எடுத்தார். தோளுக்கு மேலே பின்பக்கமாக வீசினார். அடுத்ததையும் அப்படியே வீசினார்.

மூன்று வாரமாக இதே கூத்து. இருபது பட்டனையும் குனிந்து பொறுக்கி என் இடுப்புதான் ஒடிந்தது. வீட்டார் வெளியேதான் நிற்க வேண்டும் என்பது என் சட்டம். இன்று பொறுமை போய், டயகம தோட்டத்திலிருந்து அவரைக் கூட்டிவரும் மகள் நிரோஷாவை உள்ளே கூப்பிட்டேன்.

"உங்கம்மா வேணும்னே பின்னாடி வீசுறாங்க. ஒத்துழைப்பு இல்லைன்னு எழுதிடுறேன். நாளையிலிருந்து வர வேணாம்."

நிரோஷா கொஞ்ச நேரம் அம்மாவின் கையையே பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த காலிக் குப்பைக்கூடையை எடுத்து, அம்மாவின் முதுகோடு சேர்த்துப் பிடித்தாள்.

"இப்பப் போடச் சொல்லுங்க, சேர்."

இருபதும் கூடைக்குள் விழுந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை.

"முப்பது வருசமா தேயிலைக் கொழுந்து எடுத்த கை, சேர்," என்றாள் நிரோஷா. "அது முன்னாடி எங்க போடும்?"