பேச்சு விடுமுறை

கனமழைக்கு விடுவதுபோல, தலைவர்களின் வெறுப்புப் பேச்சுக்கும் மாவட்ட நிர்வாகம் பள்ளி விடுமுறை விடத் தொடங்கியிருந்தது. பேசப் போவது யார், கூட்டம் எங்கே என்று பார்த்து, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று முன்கூட்டியே கணித்துவிடுவார்கள். சிவப்பு என்றால் விடுமுறை. அன்று காலை சபீனாவின் கைப்பேசியில் சிவப்பு வந்தது.

“ஹை, லீவு!” என்று குதித்த மகள் நஸ்ரின், பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். “உம்மா, எதிர்வீட்டு தாரிணி வேன்ல ஏறிப் போறா. அவளுக்கு லீவு இல்லையா?”

சபீனா கைப்பேசியை மறுபடி எடுத்துப் பார்த்தாள். இதுவரை விடுமுறை ஊர் முழுக்க வந்தது. இன்று வீடு பார்த்து வந்திருக்கிறது. பேச்சு எந்தக் கதவைத் தேடி வரும் என்பதுவரை கணித்துவிட்டார்கள்.

அழைப்புமணி அடித்தது. வாசலில் தாரிணியின் அம்மா கோமதி ஒரு சாவியை நீட்டிக்கொண்டு நின்றாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சபீனா அவளிடம் கொடுத்துவைத்திருந்த தன் வீட்டு மாற்றுச் சாவி.

“இத நீங்களே வச்சுக்கோங்கக்கா.”

“ஏன் கோமதி? எம்மேல ஏதும் கோவமா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. சாயங்காலம் கூட்டம் முடிஞ்சு யாராவது வந்து கேட்டா, எங்கிட்ட இல்லன்னு சொல்ல எனக்குத் தைரியம் பத்தாது.”