சடையன் குடும்பத்துக் கோப்பு

"தலைவனுக்கு முதல் தகுதி, அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது..."

"சார், ஒரு விசயம்..."

"யோவ் டிரைவர், வாய மூடிக்கினு ஓட்டுறியா? நான் பேசிப் பாத்துக்கினு இருக்கிறது தெரியல?"

டிரைவர் வாயை மூடிக்கொண்டார். பின்சீட்டில் டாக்டர் ஜெயப்பிரகாஷ் காது கொடுத்துக் கேட்பதைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கார் சின்னசேலத்தைத் தாண்டிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அங்கே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் குடும்ப மருத்துவத் துறை புதிதாக வருகிறது. துறைத்தலைவர் நாற்காலி ஒன்றுதான். அதற்கு ஆசைப்பட்ட ஒன்பது டாக்டர்களுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தை ஆறு மாதமும் வீடு தேடிப் போய்ப் பார்த்து, கோப்பு எழுதி, கடைசி நாளில் தேர்வுக் குழு முன்னால் பேச வேண்டும். இன்று அந்தக் கடைசி நாள்.

வீடு தேடிப் போவதா? நம் டாக்டரா? கல்வராயன்மலை வளைவுகளில் அவருக்கு வாந்தி வருமாம். ஜூனியர் டாக்டர் கோகிலவாணியை ஆறு தடவை பஸ்ஸில் ஏற்றிவிட்டு இவர் கிளினிக்கில் ஏசியில் இருந்தார்.

"ஒரு தடவை நீங்களும் வாங்க சார். அது யாரு குடும்பம்னா..." என்று அந்தப் பெண் சொல்லத்தான் பார்த்தது.

"யாரு குடும்பமா இருந்தா எனக்கு என்னம்மா? எழுத நீ, கையெழுத்துப் போட நான்" என்று சிரித்தார். கோப்பை நேற்றுதான் முதல் தடவையாகப் பிரித்தார், மகானுபாவர்.

"சார், பத்து நிமிசம் ஓரமா நிறுத்திக்கட்டுமா?" டிரைவர் மெல்லக் கேட்டார்.

"இன்னாத்துக்கு? டீக்கா, பீடிக்கா?"

"இல்ல சார், காலைலேருந்து..."

"லேட்டானா நீயா வந்து பதில் சொல்லுவ? மூணு வருசமா ஓட்டுற, என் நேரத்தோட அருமை தெரியல. மிதி!"

கார் நிற்கவில்லை.

குழுவின் தலைவர் டாக்டர் விஜயலட்சுமி. தலை நரைத்த, அதிகம் பேசாத அம்மா. அவர் முன்னால் ஜெயப்பிரகாஷ் வெளுத்து வாங்கினார்.

"சடையன், அறுபத்தெட்டு வயது. காசநோய் குணமாகிவிட்டது. மனைவி தங்கமணிக்குச் சர்க்கரை. மகள் செவ்வந்தி ஏழு மாதக் கர்ப்பிணி, ரத்தசோகை. மூத்த மகனுக்கு ரத்த அழுத்தம். இவர்கள் என் நோயாளிகள் அல்ல மேடம், என் குடும்பம்!"

திரையில் புகைப்படம் வந்தது. விஜயலட்சுமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"மூத்த மகன் போட்டோவுல இல்லையே?"

"வேலைக்குப் போயிருந்தார் மேடம். சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டிய மாத்திரை. ஆனால் எங்கோ ஒரு முதலாளி அவரை நேரத்துக்குச் சாப்பிட விடுவதில்லை. மனிதனா அவன்?" ஜெயப்பிரகாஷின் குரல் தழுதழுத்தது. மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். "இப்படிப்பட்ட கல்நெஞ்சக்காரர்களிடமிருந்து நம் மக்களை மீட்பதுதான் குடும்ப மருத்துவம்!"

படபடவென்று கைதட்டல்.

"அந்த மகன நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா டாக்டர்? இல்ல, பேப்பர்ல மட்டும்தானா?"

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை மனிதர்.

"தினமும் பாக்குறேன் மேடம். இன்னைக்குக் காலைலகூடப் பாத்துட்டுத்தான் வரேன்."

கூச்சநாச்சமே இல்லாத பொய். விஜயலட்சுமி அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது ஜெயப்பிரகாஷ் மனசுக்குள் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். பெயர்ப் பலகை மரத்திலா, பித்தளையிலா என்பதுதான் பாக்கி. ஆனால் காரில் டிரைவரைக் காணோம். வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"சார், உங்க டிரைவரு ஸ்டியரிங் மேலயே சாஞ்சிட்டாரு. எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கினு போயிருக்காங்க!"

"சனியன், இன்னைக்குப் பாத்தா..." என்று முணுமுணுத்தவர், பின்னால் விஜயலட்சுமி வருவதைக் கண்டதும், "ஐயோ பாவம்!" என்று பதறினார்.

"வாங்க, நானும் வரேன்" என்று அந்த அம்மா முன்னால் நடந்தார்.

எமர்ஜென்சி வாசலில் நர்ஸ் எழில்மதி சீட்டும் பேனாவுமாக நின்றிருந்தார்.

"பிரஷர் எரநூத்தி இருபது சார். வலது கை தூக்க முடியல, பேச்சு கொழறுது. அவரால பேரு சொல்ல முடியல. ஸ்கேனுக்கு அனுப்பணும், நீங்க சொல்லுங்க."

"டிரைவர்..."

"அது வேலை சார். பேரு?"

ஜெயப்பிரகாஷ் நெற்றியைத் தேய்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மூன்று வருடத்தில் ஒரு நாளாவது கேட்டிருந்தால்தானே வரும்?

"நான்... டிரைவர்னுதான் கூப்பிடுவேன்."

அதற்குள் வார்டு ஊழியர் டிரைவரின் சட்டைப் பையிலிருந்த லைசென்ஸைக் கொண்டுவந்து நீட்டினார். எழில்மதி சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினார்.

"தமிழரசன். அப்பா பேரு சடையன். ஊரு கல்வராயன்மலை."

விஜயலட்சுமி ஜெயப்பிரகாஷின் பக்கம் திரும்பினார்.

"தினமும் பாக்குறேன்னு சொன்னீங்களே டாக்டர், நான்தான் நம்பல."