கூட வந்தவர்

"வாயைத் திறக்க மாட்டேன்னு என் தலை மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றேன்.

படிக்கட்டில் நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட யோசிக்காமல் என் வீட்டுக்காரர் என் தலையில் கை வைத்தார்.

"போதுமா? உள்ள போகலாமா?"

நான் சும்மா கேட்கவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். கிணறு மாதிரி இருக்கும் அந்தக் குழிக்குள் நின்று இருபது வருஷமாகப் பாடிப் பாடி, எதிரொலியைக் கேட்டு, தன் குரல் கணீரென்று இருப்பதாக முடிவே கட்டிவிட்டார்.

எங்கள் அபிமானப் பாடகர் ஸ்டேடியத்தில் பாடும்போதெல்லாம் போவோம். நாற்பதாயிரம் பேர் கத்துகிற இடத்தில் இவரும் சேர்ந்து பாடினால் யாருக்குத் தெரியப்போகிறது? பாடகரே எங்களுக்குக் கடுகளவுதான் தெரிவார்.

இன்று அப்படியில்லை. நூலக மாடியில் சின்ன ஹால். மொத்தமே தொண்ணூறு நாற்காலி. குலுக்கலில் எங்கள் பேர் விழுந்தது, அதுவும் முன்வரிசை. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வாரமாக இதைத் தவிர வேறு பேச்சே நான் பேசவில்லை.

ஹால் மேனேஜர் மேடையேறினார்.

"ஸ்டேடியத்துல இருக்கிற கலர் லைட்டு, பெரிய திரை, காலடியில பாட்டு வரி ஓடுற டிவி, எதுவும் இங்க கிடையாது. நம்ம வீட்டுக் கூடத்துல உட்கார்ந்து பாடுற மாதிரி ஒரே ஒரு கிடாரோட பாடப் போறார். தயவுசெய்து யாரும் கூடச் சேர்ந்து பாடாதீங்க."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

பாடகர் வந்து உட்கார்ந்தார். கையெட்டும் தூரம். சட்டையில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிறத்தில் தைத்திருந்ததுகூடத் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்று பாட்டு அமிர்தம். என் வீட்டுக்காரர் உதட்டைக்கூட அசைக்கவில்லை.

நாலாவது பாட்டில் பல்லவி முடிந்தது. பாடகர் கண்ணை மூடிக்கொண்டு கிடாரை மட்டும் வாசித்தார். ஒரு சுற்று, ரெண்டு சுற்று, மூணு சுற்று. நெற்றியெல்லாம் வியர்வை.

"எப்படி உருகுறார் பாருங்க" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த, முத்துமாலை போட்ட ஓர் அம்மா.

அப்போது ஒரு குரல் கேட்டது, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி. யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. என் தலை மேல் செய்த சத்தியம் மூணு பாட்டு வரைக்கும்தான் தாங்கியிருக்கிறது.

தொடையில் கிள்ளினேன். நிறுத்தவில்லை. சரி, பாடுகிறதுதான் பாடுகிறார், தாளத்திலாவது பாடக் கூடாதா? பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே இவர் ஒவ்வொரு வரியாக முந்திக்கொண்டு ஓடுகிறார். ஏதோ ஓட்டப் பந்தயம் மாதிரி.

"ஏங்க, மானம் போகுது" என்று பல்லைக் கடித்தேன்.

"கொஞ்சம் சும்மா இரும்மா" என்றவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

பின்வரிசையில் 'உஷ்' என்றார்கள். "யோவ், உன் பாட்டைக் கேட்கவா வந்தோம்?" என்றார் ஒருவர். முத்துமாலை அம்மா என் பக்கம் குனிந்தார்.

"இந்த ஆள் உங்க கூட வந்தவரா?"

"ஐயோ, இல்லைங்க. யாருன்னே தெரியாது."

என் வீட்டுக்காரர் காதில் விழுந்திருக்கும். பாட்டு ஒரு நொடி தடுமாறியது.

மேனேஜர் குனிந்தபடியே வந்து அவர் தோளைத் தட்டினார். "சார், கொஞ்சம் வெளிய வாங்க."

"இந்த ஒரு பாட்டு முடியட்டும் சார். இன்னும் ஒரு சரணம்தான்."

மேனேஜர் விடவில்லை. கையைப் பிடித்து எழுப்பி அழைத்துப் போனார். போகும்போதும் என் வீட்டுக்காரர் திரும்பித் திரும்பி மேடையையே பார்த்தார். கதவு மூடியதும் சிலர் கைதட்டினார்கள். நானும் ரெண்டு தட்டு தட்டி வைத்தேன், யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதே.

பாடகர் கிடாரை வாசித்தார். ஒரு சுற்று. மூணு சுற்று. ஆறாவது சுற்றில் கையை எடுத்துவிட்டார்.

"அவரைக் கூப்பிடுங்க" என்றார்.

"யாரை சார்?" என்றார் மேனேஜர்.

"இப்ப வெளிய அனுப்பினீங்களே, அவரை. ஸ்டேடியத்துல எனக்கு வரி எடுத்துக் கொடுக்க டிவி இருக்கும். இங்க அது இல்ல. இந்தப் பாட்டு நடுவுல எனக்குச் சுத்தமா மறந்துபோச்சு. அவர்தான் வரி வரியா எடுத்துக் கொடுத்துட்டிருந்தார். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பீங்க. என் மானம் போயிடும்னு வாயை மூடிட்டுப் போறார் மனுஷன்."

தொண்ணூறு பேரும் எழுந்து கைதட்டினார்கள். 'யோவ்' என்றவர்தான் எல்லாரையும்விட பலமாகத் தட்டினார்.

என் வீட்டுக்காரர் கூச்சத்தோடு உள்ளே வந்தார். பாடகர் தானே ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார்.

"இங்க வந்து உட்காருங்க. உங்க கூட யாராவது வந்திருக்காங்களா? அவங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்றேன்."

நான் புடவையைச் சரி பண்ணிக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன். முத்துமாலை அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். அப்புறம் பாடகரிடம் சொன்னார்:

"யாரும் இல்லைங்க. தனியாத்தான் வந்தேன்."