நேர்ல வரச் சொல்லு

வியாசர்பாடி பாக்ஸிங் கிளப் தலைவர் வரதன், மைக் கிடைத்தால் விடமாட்டார். "தோஸ்து பேர்ல மெசேஜ் வந்து ஓடிபி கேட்டா குடுத்துராத நைனா, நேர்ல வரச் சொல்லு" என்பது அவருடைய பொன்மொழி.

போன மாதம் புதைத்த பாக்ஸர் வல்லரசுவின் பெயரில் அவருக்கே செய்தி வந்தது: "மாமு, பழைய ஐடி லாக்காயிடுச்சு. உன் நம்பருக்கு ஓடிபி வரும், அனுப்பு."

ஓடிபி வந்தது, வரதனின் சொந்தக் கணக்கைத் திறப்பதற்கு.

செத்தவன் பெயரில் திருட்டா? வரதன் மடக்கினார்: "பொட்டி மூடறப்ப உன் கைல இன்னா மாட்டினேன்?" அது வேறு யாருக்கும் தெரியாது.

"கிளவுஸு. டைட்டா கீது மாமு."

தலைவருக்கு வியர்த்தது. ஆனாலும் கொள்கை முக்கியம். "ஓடிபி வோணும்னா நேர்ல வா" என்று அனுப்பினார்.

"சரி மாமு."

வாசற்கதவை யாரோ தட்டினார்கள். பஞ்சு பொதிந்த கையால் தட்டுவதுபோல் மெத்தென்று கேட்டது.