பின்வரிசைக் கேள்வி

முதல் வருடத்துக்குப் பத்தாயிரம் டாலர். அப்புறம் வருடத்துக்கு மூவாயிரம்.

என் மனைவி செலஸ்டின் விடுதிப் பள்ளியில் தொலைத்த பிள்ளைப்பருவத்துக்கு அரசாங்கம் நஷ்டஈடாகப் போட்ட விலை. பேரத்துக்கு இடமில்லை. ஒரு பீவர் விலங்கின் தோலுக்கே அரைநாள் வாதாடுகிற வியாபாரிகளிடையே வளர்ந்தவன் நான். அரசாங்கக் கடிதத்தோடு யார் வாதாடுவது?

காசோலை வந்த பிறகுதான் அவள் பேசத் தொடங்கினாள். பள்ளி, நூலகம், சர்ச் மண்டபம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவாள். எங்கள் க்ரீ பழங்குடிப் பிள்ளைகளை அரசாங்கம் பெற்றவர்களிடமிருந்து பிடுங்கி விடுதிப் பள்ளிகளில் அடைத்ததை, முடியை ஒட்ட வெட்டியதை, தாய்மொழி பேசிய வாயைச் சோப்புப் போட்டுக் கழுவியதைச் சொல்வாள்.

முடித்ததும் கூட்டம் தன் காலணிகளைப் பார்க்கும். ஒரு கேள்விகூட வராது.

"நம்பலையோ?" என்றாள் ஒருநாள், காரில் திரும்பும்போது. இரண்டு நாள் சாப்பிடவில்லை.

விடுவேனா? ஏலத்தில் முதல் விலை கேட்க நம் ஆளையே கூட்டத்தில் நிறுத்துவது எங்கள் குடும்பத் தந்திரம். தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, யாரோ போலப் பின்வரிசையில் உட்காருவேன். முதல் கேள்வி என்னுடையது. பிறகு கைகள் தானாக உயரும்.

இன்று பிரின்ஸ் ஆல்பர்ட் ஊர் நூலகம். அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் நினைவாக அணியும் ஆரஞ்சுச் சட்டைகள் அறை முழுக்க. அவள் பேசி முடித்தாள். ஒரு கையும் உயரவில்லை.

எழுந்தேன். "ஏம்மா, அங்க அண்ணன் தங்கச்சி பேசிக்க விடுவாங்களா?"

வழக்கமாக "எங்க விட்டாங்க" என்று ஆரம்பிப்பாள். இன்று கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தாள்.

"எல்லா ஊர்லயும் இந்த ஆளு இதையேதான் கேக்கறாரு. வேற யாருமில்ல, என் வீட்டுக்காரருதான்."

அறை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"பதில் அவருகிட்டதான் இருக்கு. சொல்லேன், எஃப்ரெம்."

தொப்பியைக் கழற்றினேன்.

தங்கை அகதாவுக்கு ஏழு வயது, எனக்கு ஒன்பது என்றேன். பேசினால் பிரம்படி. ஞாயிறு பூசையில் பெண்கள் முன்னால், பையன்கள் பின்னால். அவள் இடது காதைச் சொறிந்தால் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். நான் இருமினால் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரித் தலைகள். மூன்றாம் வரிசை ஓரத்து இடம்தான் எனக்கு அடையாளம்.

ஒரு ஞாயிறுகூட அந்தக் காது தவறவில்லை.

ஜூனில், வீட்டுக்குக் கொண்டுவிடும் லாரிக்குப் பக்கத்தில் அவளைத் தேடினேன். மார்ச்சிலேயே காய்ச்சலில் போய்விட்டாளாம். யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அகதாவின் பக்கத்திலிருந்து சைகையைப் பார்த்துப் பழகி, அவள் போனபின் ஓரத்து இடத்துக்குத் தள்ளி உட்காரவைக்கப்பட்ட சிறுமிதான் அதன்பின் காதைச் சொறிந்திருக்கிறாள். அவளுக்கு வயது எட்டு. பெயர் செலஸ்டின்.

எங்கள் வீட்டிலிருந்து போனது இரண்டு பேர். திரும்பியது ஒருவன். நடுவில், அகதா நன்றாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகள் பதினான்கு.

அவை செலஸ்டின் தன் கைக்காசிலிருந்து எனக்குக் கொடுத்தவை. இதுவரை திருப்பிக் கேட்டதில்லை.