பத்து வயசுக் கோட்டு

"கண்கொண்டு பார்க்க முடியலை. யாராவது அதை நிறுத்துங்களேன்."

தட்டிக்குப் பின்னால் கட்டிங் மாஸ்டர் தனக்குத்தானே முணுமுணுத்தது ஓவர்லாக் மிஷினில் விளிம்பு அடித்துக்கொண்டிருந்த அக்காவின் காதில் விழுந்துவிட்டது.

தையல் கடைச் சுவரில் டிவி. மணி நாலு. 'குட்டி வீடு, பெரிய மனசு' ஓடிக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். பெரியவர்களே நாலடிதான். அவர்கள் சமைப்பதையும் சண்டை போடுவதையும் கேமரா பின்னாலேயே போய்ப் படம் பிடிக்கும். இன்று அந்த அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு பள்ளி விழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பார்க்க முடியலையாமே! கல்லு மனசு," என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"இது ஆரம்பிச்சாலே முதுகைத் திருப்பிக்குவாரே," என்றாள் பொத்தானுக்குக் காஜா எடுப்பவள். "நான் நேத்து மட்டும் அவங்களுக்கு மூணு ஓட்டு போட்டேன்."

"நான் ஏழு."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். டிவியில் இருந்த அம்மாவின் உயரம்தான் இருப்பாள்.

அக்கா டிவியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், எழுந்து ஓடினாள்.

"வாடா கண்ணு! என்னடா வேணும்?"

"எனக்கு முப்பத்தொரு வயசுங்க," என்றாள் அவள். "கறுப்புக் கோட்டு தைக்கணும். வியாழக்கிழமை பத்து மணிக்கு வக்கீலாப் பதிவு பண்றேன். கோட்டு இல்லாம உள்ளே விடமாட்டாங்க."

"வக்கீலா! அம்மாடி! உங்களை மாதிரி ஆளுங்க வர்ற ப்ரோக்ராமை ஒரு நாள் விடமாட்டேன். அழாம பார்த்ததே இல்லை."

"நான் ஒரு நாளும் பார்த்ததில்லைங்க. கோட்டு தைச்சுக் குடுப்பீங்களா? ரெண்டு கடையில மாறுவேடப் போட்டிக்கான்னு கேட்டாங்க."

"பாவிங்க! நீ கவலைப்படாதே பாப்பா. நானாச்சு."

அக்கா தானே டேப்பை எடுத்து உயரத்தை மட்டும் அளந்தாள். குழந்தைகளுக்கு உயரம் ஒன்று போதும், மிச்சத்தைச் சுவரில் ஒட்டியிருந்த வயசுவாரி அளவுச் சார்ட்டே சொல்லிவிடும். நாலடிக்குப் பத்து வயசு என்று வந்தது. அந்தக் கடையில் அளவுக்கு இரண்டு நோட்டுகள் உண்டு, பெரியவங்க, குழந்தைங்க என்று. ஆளுக்குப் பேர் கேட்கிற வழக்கமில்லை. பேங்க் சார், மாடி வீட்டம்மா என்று அடையாளம்தான் எழுதுவார்கள். அக்கா குழந்தைங்க நோட்டைத் திறந்து, 'டிவி பாப்பா, கறுப்புக் கோட்டு, சைஸ் பத்து' என்று எழுதினாள்; அதையே ஒரு சீட்டிலும் எழுதித் தட்டிக்கு மேலே மாஸ்டரிடம் நீட்டினாள்.

புதன்கிழமை மத்தியானம் அந்தப் பெண் கோட்டைப் போட்டுப் பார்த்தாள்.

மார்பில் பொத்தான் எட்டவில்லை. முதுகு பிடித்தது. கை விரல் நுனிவரை தொங்கியது. கீழ்விளிம்பு இடுப்புக்கே வந்து சேரவில்லை. கண்ணாடி முன்னால் அவள் கோட்டைக் கீழே இழுத்துவிட்டுப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குங்க," என்றாள்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னடா பண்றது. துணி மேல குத்தமில்லை. உன் உடம்புக்கு எதுவும் அமையறது கஷ்டம்."

தட்டி விலகியது. மாஸ்டர் வெளியே வந்தார். கோட்டைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார்.

"பத்துன்னு எழுதியிருந்தது. பத்து வயசுப் பிள்ளைக்கு வெட்டினேன். யாரு இவங்களுக்கு அளவெடுத்தது?"

"நான்தான்," என்றாள் அக்கா. சட்டென்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க ஏன் மாஸ்டர் வெளியே வர்றீங்க? உங்களுக்குத்தான் இவங்க மாதிரி ஆளுங்களைக் கண்கொண்டு பார்க்க முடியாதே!"

காஜா எடுப்பவள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பை உருவினார்.

"அந்த டிவிக்காரர் கோட்டைத்தான் பார்க்க முடியலை. மூணு மாசமா அதே கோட்டு. அக்குள்ல இழுக்குது, கை விரல்ல தொங்குது. எவனோ பிள்ளைங்க சார்ட்டை வெச்சு வெட்டியிருக்கான். அதைப் பார்த்து நீங்கெல்லாம் அழறீங்க. எனக்கும் அழுகைதான் வருது."

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "நேரா நில்லுங்கம்மா," என்றார்.

தோள், மார்பு, முதுகு, இடுப்பு, மேல்கை, முன்கை என்று தனித்தனியாக எடுத்தார். உள்ளே போய், பெரியவங்களுக்கான ஆணியில் தொங்கிய பேட்டர்ன் அட்டைகளில் ஒன்றை உருவினார்.

"மார்பு முப்பத்தாறு. கடைக்கு வர்ற பாதிப் பேருக்கு இதே அட்டைதான். கை மட்டும் குறைக்கணும், அவ்வளவுதான். பேனா எந்தப் பக்கம் வைப்பீங்க?"

அந்தப் பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இடது பக்கம்."

"காலையில எட்டு மணிக்கு வாங்க."

அன்றைக்கு நாலு மணிக்கு டிவி போட யாருக்கும் கை ஒழியவில்லை.

காலையில் எட்டு மணிக்கு அவள் கோட்டை மாட்டினாள். பொத்தான் போட்டாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள். பேனாவை இடது பையில் செருகிக்கொண்டாள்.

"வர்றேன் மாஸ்டர். வர்றேங்க."

"நல்லபடியா முடிச்சுட்டு வாங்க," என்றார் மாஸ்டர், அடுத்த துணியை விரித்தபடியே. கதவு மூடிக்கொண்டது.

அக்கா மிஷினை விட்டு எழுந்து குழந்தைங்க நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். பெரியவங்க நோட்டைத் திறந்து, மாஸ்டரின் சீட்டைப் பார்த்துப் பார்த்து எல்லா அளவையும் எழுதினாள். மேலே அடையாளம் எழுதும் இடத்தில், 'வக்கீலம்மா' என்று எழுதினாள்.